ஏலம் கேட்க ஆளில்லை!

கறவை மாடு ஒன்றைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஏலக்காரர் கூவுகிறார். எங்கிருந்தோ ஒரு குரல் வருகிறது: ஐந்து சென்ட்!

ஏலக்காரருக்குத் திகைப்பு. மேலே யார், மேலே யார் என்று தொண்டை வறளக் கத்துகிறார். நூற்றுக்கணக்கானோர் நிற்கின்றனர், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த தரகர் ஒருவர் கையைத் தூக்கப் பார்க்கிறார். அவர் தோளின்மீது மற்றொரு கை வந்து அமர்கிறது. ஏர் பிடித்துக் காய்த்துப்போன கை. தரகர் திரும்பிப் பார்க்கிறார். அப்படியே தலையைத் தூக்கி வைக்கோல் கொட்டகையின் உத்தரத்தையும் பார்க்கிறார். அங்கே ஒரு சுருக்குக் கயிறு தொங்குகிறது. அவருக்கு விளங்கிவிடுகிறது. தூக்கிய கை தானாக இறங்குகிறது.

மாடு ஐந்து சென்டுக்குப் போகிறது. குதிரை, கலப்பை, விதைக் கருவி, வண்டி எல்லாமே ஐந்து சென்ட், பத்து சென்ட் என்றுதான் போகின்றன. பொழுது சாயும்போது, வாங்கியவர்கள் அத்தனை பேரும் வாங்கிய பொருளை அந்த வீட்டு உழவனிடமே ஒப்படைத்துவிட்டுத் தத்தம் ஊர் போய்ச் சேருகின்றனர். கடன் கொடுத்தவர் கையில் மிஞ்சுவது சில்லறைக் காசு.

கட்டுக்கதை சொல்லவில்லை, தோழர்களே! அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் அயோவா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா, இரு டகோட்டாக்கள் என்று கோதுமையும் சோளமும் விளையும் மாநிலங்களில், 1930-களின் தொடக்கத்தில் இப்படி எத்தனையோ ஏலங்கள் நடந்தன. ‘பென்னி ஏலம்’ என்று அவற்றுக்குப் பெயர். காசு ஏலம் என்று நாம் சொல்லலாம். நெப்ராஸ்காவில் 1931-ல் நடந்த அப்படியோர் ஏலத்தில் வீட்டுச் சாமான், மாடு கன்று, ஏர் கலப்பை அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்த தொகை 5 டாலர் 35 சென்ட். பாங்கு எதிர்பார்த்திருந்ததோ நூற்றுக்கணக்கான டாலர்!

அமெரிக்கா என்றால் வானளாவும் மாளிகை, வகை வகையான கார், வற்றாத டாலர் என்றுதான் நம்மில் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். அந்த நாட்டு உழவனும் ஜப்தி என்ற சொல்லைக் கேட்டு நடுங்கியவன்தான். அவன் எப்படி நடுங்கினான், நடுங்கி நடுங்கிச் சலித்துப்போன பிறகு எப்படி நிமிர்ந்தான் என்பதை அறிந்துகொள்வதில் நமக்கு ஆதாயம் உண்டு, நட்டமில்லை.

மழை பொய்த்தது, அதனால் கெட்டான் என்று அவன் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அது பாதிக் கதை. மழை பொய்த்தால் அந்த ஆண்டு விளைச்சல் போகும். விளைச்சலோடு நிலமும் ஏன் போகவேண்டும்? மேகம் வந்தா பத்திரத்தில் கையெழுத்து வாங்கிற்று?

பத்திரம் எழுதப்பட்ட கதை இது. 1862-ல் வந்த குடியேற்றச் சட்டப்படி, வந்து குடியேறி உழுபவனுக்கு 160 ஏக்கர் என்று நிலம் தரப்பட்டது. (அந்த நிலம் லக்கோட்டா முதலான பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்; மறைத்துப் பயனில்லை.) மழை குறைந்த புல்வெளி அது. ஐரோப்பாவில் 1914-ல் போர் மூண்டது. கோதுமைக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஒரு புஷல், அதாவது நம் கணக்கில் 27 கிலோ, 2 டாலருக்கு மேல் விலை போயிற்று. உழு, உழு, இன்னும் உழு என்று சர்க்கார் சொல்லிற்று. கடன் வாங்கு, தருகிறோம் என்று பாங்கு சொல்லிற்று. உழவன் பக்கத்து நிலத்தையும் வாங்கினான், டிராக்டர் வாங்கினான், வாங்கியதற்கெல்லாம் நிலத்தை ஈடு வைத்தான். புல்வெளி முழுதும் புரட்டிப் போடப்பட்டது.

போர் முடிந்தது. 1920, 1921 ஆண்டுகளில் கோதுமை விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பத்திரத்தில் எழுதிய தொகை மட்டும் எழுதியபடியே இருந்தது. 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த பிறகு கேட்கவே வேண்டாம். 1932-ல் உழவன் கைக்கு வந்த சராசரி விலை புஷலுக்கு 38 சென்ட்!

இந்தக் கணக்கைச் சற்று நின்று போட்டுப் பாருங்கள். பாங்குக்கு ஆண்டுக்கு 200 டாலர் கட்டவேண்டியவன், 2 டாலர் விலையில் 100 புஷல் விற்றால் போதும். 38 சென்ட் விலையில் அதே 200 டாலருக்கு அவன் 526 புஷல் விற்கவேண்டும். வட்டி விகிதம் ஏறவில்லை, வாங்கிய தொகையும் ஏறவில்லை. ஆனால் கடன் ஐந்து மடங்கு ஆகிவிட்டது. ஒரு துளி மழை குறையாத ஆண்டிலும் இவன் எழுந்திருக்க முடியாது. பொருளாதாரப் பேராசிரியர்கள் இதற்கு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள்; உழவன் கிழவியிடம் கேட்டால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பாள்.

அயோவாவில் சோளம் விற்ற விலை கரிக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைந்தது. ஆகவே சோளக் கதிரையே அடுப்பில் போட்டுக் குளிர் காய்ந்தார்கள். நகரத்தில் ரொட்டிக்கு மைல் நீளம் வரிசை நின்ற அதே குளிர் காலத்தில்! 1930-க்கும் 1933-க்கும் இடையே ஏறத்தாழ 9,000 பாங்குகள் கதவைச் சாத்தின. கடன் வாங்காத உழவன் சேமித்து வைத்திருந்த பணமும் அந்தக் கதவுக்குள் மாட்டிக்கொண்டது. 1933-ல் கடனுக்காகப் பறிபோன பண்ணைகள் ஆயிரத்துக்கு 38-க்கு மேல். ஓராண்டில் மட்டும்!

இந்த நிலையில்தான் 1932 மே மாதம் அயோவாவின் தலைநகர் டி மோயின் நகரில் உழவர்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். தலைவர் மைலோ ரீனோ. சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘உழவர் விடுமுறைச் சங்கம்’. பாங்குகள் கதவைச் சாத்திவிட்டு அதை ‘பாங்கு விடுமுறை’ என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டன அல்லவா? அப்படியானால் நாங்களும் விடுமுறை விடுகிறோம், விளைந்ததைச் சந்தைக்கு அனுப்பப்போவதில்லை என்றார்கள். குறும்பான பெயர்தான், ஆனால் குறும்புக்கு உள்ளே கொதிப்பு இருந்தது. ஆகஸ்டில் சூ சிட்டி நகருக்குப் போகும் சாலைகளில் மரத்தையும் கம்பத்தையும் போட்டு மறித்தார்கள். பால் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன.

விலை ஏறிற்றா? இல்லை. உண்மையை உள்ளபடி சொல்வதே நமக்கு அழகு. கண்டம் போல் விரிந்து கிடக்கும் நாட்டில் ஒரு மூலைச் சாலையை மறித்தால் மறு மூலையிலிருந்து சரக்கு வந்துவிடுகிறது. வேலைநிறுத்தம் விலையை உயர்த்தவில்லை. ஆனால் மறியலில் தோளோடு தோள் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள். இன்னார் பண்ணையில் இன்ன நாள் ஏலம் என்று செய்தி வந்தால், இருபது மைல் தொலைவிலிருந்தும் பழைய லாரிகளில் ஏறி வந்தார்கள். விலைக்காக நடத்திய போரில் தோற்றவர்கள் ஏலக் களத்தில் வென்றார்கள். ஏலத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அண்டை வீட்டான் கஷ்டத்தில் ஆதாயம் தேடும் ஒருவன். அப்படி ஒருவன் கிடைக்காதபோது கோர்ட்டு உத்தரவும் ஏலக்காரர் சுத்தியலும் என்ன செய்யும்?

எல்லாம் இனிமையாக நடந்தது என்று நாம் சொல்லமாட்டோம். 1933 ஏப்ரல் 27-ஆம் நாள், அயோவாவின் லீ மார்ஸ் என்ற ஊரில், பிராட்லி என்ற நீதிபதியைக் கோர்ட்டிலிருந்தே இழுத்துச் சென்றது ஒரு கூட்டம். நிலப் பறிமுதல் உத்தரவில் இனிக் கையெழுத்திடமாட்டேன் என்று சத்தியம் செய் என்றார்கள். அவர் மறுத்தார். கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள், தலையில் கார் மசகைக் கொட்டினார்கள், மானபங்கம் செய்தார்கள். அந்த மனிதர் கடைசிவரை மறுத்தார். கவர்னர் இராணுவச் சட்டம் பிறப்பித்துப் படையை இறக்கினார். பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். அதுவரை உழவர் பக்கம் சாய்ந்திருந்த நாட்டு மக்களின் பரிவு ஒரே நாளில் சற்று விலகிற்று. கொட்டகையில் தொங்கிய கயிறு பேசாமல் தொங்கியவரை அதற்கு ஒரு வலிமை இருந்தது. மனிதன் கழுத்தில் ஏறியதும் அந்த வலிமை போய்விட்டது. கூட்டத்தை நடத்திச் செல்பவர்கள் நம் ஊரிலும் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். காசு ஏலங்கள் பரவிய பிறகுதான் சட்டசபைகளுக்குச் செவி கேட்டது; வரிசை இதுதான், மாற்றிச் சொல்லக்கூடாது. 1933 பிப்ரவரியில் நெப்ராஸ்காவின் சட்டசபைக் கட்டிடத்தை நோக்கி ஆயிரக்கணக்கான உழவர்கள் நடந்தார்கள். அதே மாதம் அயோவா, நிலப் பறிமுதலை நிறுத்திவைக்கச் சட்டம் செய்தது. ஏப்ரலில் மின்னசோட்டா சட்டம் செய்தது. கடனை ரத்து செய்யும் சட்டமல்ல அது. நியாயமான வாடகையைக் கட்டிக்கொண்டு 1935 மே வரை நிலத்தில் இரு, அதற்குள் மீட்டுக்கொள் என்று தவணை கொடுத்த சட்டம். ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டது என்று கடன் கொடுத்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1934 ஜனவரி 8-ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள், நான்கு பேர் செல்லாது என்றார்கள். ஒரே ஒரு வாக்கில் அத்தனை குடும்பங்களின் தவணை தொங்கிக்கொண்டிருந்தது!

வட டகோட்டாவின் கவர்னர் வில்லியம் லாங்கர் இன்னும் ஒருபடி மேலே போனார். 1933-ல், நிலத்தை ஏலம் விடக்கூடாது என்று அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. ஏலம் விட வரும் ஷெரீபைத் தடுக்க மாநிலத்தின் காவற்படையையே அனுப்பினார். ஜப்திக்குப் படை வருவதை நாம் பார்த்திருக்கிறோம். ஜப்தியைத் தடுக்கப் படை வந்ததை அங்கேதான் பார்க்கிறோம்! அக்டோபரில், விலை ஏறும்வரை எங்கள் கோதுமை மாநிலத்தை விட்டு வெளியே போகாது என்று தடையும் போட்டார். அடுத்த ஜனவரியில் மத்திய நீதிமன்றம் அந்தத் தடையை உடைத்தது. 1934-ல் அவரைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள். என்ன குற்றச்சாட்டு தெரியுமா? தம் கட்சி ஏட்டுக்காகச் சர்க்கார் ஊழியர்களிடம் வசூல் செய்தார் என்று! கட்சி ஏட்டுக்குச் சந்தா சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்கும் நம் தோழர்கள் சிரிப்பது நமக்குக் கேட்கிறது. முதலில் கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் ரத்தாயிற்று. மறு விசாரணையில் விடுதலையானார். 1936-ல் மக்கள் அவரையே மறுபடியும் கவர்னராக்கினார்கள். அவர் அப்பழுக்கற்றவர் என்று சான்று கொடுக்க நாம் வரவில்லை. நிலத்தைக் காத்தவன் என்பது ஒன்றையே உழவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

இதற்குள் வானமும் கைவிட்டது. 1934 மே மாதம், டகோட்டாவிலும் மொன்டானாவிலும் உழுது போட்ட மண் காற்றோடு எழுந்தது. இரண்டு நாளில் நியூயார்க் நகரத்தின் மீது பகலை மறைத்தது. தலைநகர் வாஷிங்டனிலும் தூசி விழுந்தது. உழவன் வியர்வை விழுந்த மண்ணே மனுப்போல் அங்கே போய்ச் சேர்ந்ததாக நாம் எண்ணிக்கொள்ளலாம். 1936-ஐ எப்படிச் சொல்வது? பிப்ரவரியில் வட டகோட்டாவின் பார்ஷல் என்ற ஊரில் சுழிக்குக் கீழே 51 டிகிரி சென்டிகிரேட் குளிர்; ஜூலையில் அதே மாநிலத்தின் ஸ்டீல் என்ற ஊரில் 49 டிகிரி வெயில். அம்மாநிலத்தின் உச்ச வெயிலும் உச்சக் குளிரும் அந்த ஓர் ஆண்டிலேயே பதிவாயின. பயிர் கருகிற்று. மிஞ்சியதை வெட்டுக்கிளி மேய்ந்தது.

அந்த ஆண்டு கோதுமை விலை மறுபடி ஒரு டாலரைத் தொட்டது. விளைந்தபோது விலையில்லை; விலை வந்தபோது விளைச்சலில்லை!

எப்படிக் காலம் தள்ளினார்கள்? வயல் நெடுகிலும் உருண்டு திரியும் ருஷ்யன் திஸ்டில் என்ற முட்செடியைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, மாட்டுக்கு வைக்கோலாகப் போட்டார்கள். பெண்கள் முட்டையும் வெண்ணெயும் விற்றுச் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வாங்கினார்கள்; மாவு மூட்டைத் துணியில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். பண்ணைக் கணக்கில் இந்த முட்டைக் காசை யாரும் எழுதி வைப்பதில்லை. கோதுமை கைவிட்ட ஆண்டில் எத்தனையோ வீடுகளில் அடுப்பை எரித்தது அந்தக் காசுதான்.

தீவனமின்றிச் சாகக் கிடந்த மாடுகளை 1934-ல் சர்க்கார் வாங்கிற்று. நாடு முழுதும் 80 லட்சத்துக்கு மேல். பெரிய மாட்டுக்கு 12 முதல் 20 டாலர். உணவுக்கு ஆகாதவற்றை அங்கேயே சுட்டுப் புதைத்தார்கள்; வளர்த்தவன் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல கூறு இருந்தது. விலையை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் ஈட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மறு பங்கில் அவர் கை வைக்க முடியாது, அது உழவன் வீட்டு உலைக்கு. நிவாரணத் தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அது வந்தவுடன் பழைய பாக்கிக்குப் பிடித்துக்கொள்ளப்படுமா என்று கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.

சர்க்கார் செய்தவை எல்லாம் இவ்வளவு நேர்த்தியல்ல. விலையை உயர்த்துவதற்காக 1933-ல் 60 லட்சம் பன்றிகளை, பெரும்பாலும் குட்டிகளை, விலைக்கு வாங்கிக் கொன்றார்கள். கொஞ்சம் இறைச்சி ஏழைகளுக்குப் போயிற்று; நிறைய எருவாயிற்று. பசித்தவன் கண்முன்னே நடந்த இந்தக் காரியத்தை எந்தப் புள்ளிவிவரத்தாலும் நியாயப்படுத்திவிட முடியாது.

மற்றொன்று. அயோவாவில் அப்போது ஏறத்தாழப் பாதிப் பண்ணைகள் குத்தகைப் பண்ணைகள். காசு ஏலம் குத்தகைக்காரனின் மாட்டையும் ஏரையும் காப்பாற்றிக் கொடுத்தது. தவணைச் சட்டம் நிலப் பத்திரம் வைத்திருந்தவனுக்குத்தான் பயன்பட்டது. நிலமே இல்லாமல் அறுவடைக்கு அறுவடை ரயில் கூரையில் தொற்றிக்கொண்டு வந்த கூலியாளுக்கு, ஏலம் நின்றாலும் ஒன்றுதான், நடந்தாலும் ஒன்றுதான். அவனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் குறையை மூடி மறைத்து அந்தப் போராட்டத்தைப் புகழ நாம் தயாராயில்லை.

வட டகோட்டாவின் பிரதிநிதிகள் லெம்கியும் பிரேசியரும் நாடு முழுதுக்குமான கடன் தவணைச் சட்டத்தை 1934-ல் நிறைவேற்ற வைத்தார்கள். 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளிற்று. மூன்றே மாதத்தில் ஓட்டையை அடைத்துப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1937-ல் அது செல்லும் என்று அதே நீதிமன்றம் சொல்லிற்று. 1938-ல் சர்க்கார் பயிர்க் காப்பீடு தொடங்கிற்று, முதலில் கோதுமைக்கு. நம் சென்னை மாகாணத்திலும் அதே விலைச் சரிவு நெல் விளைவித்தவனை நசுக்கியிருந்தது. இங்கே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்ததும் அதே 1938-ல்தான்.

இந்த பிரேசியர் யார்? உழவர். அவர் கதை 1915-லிருந்து தொடங்குகிறது. சணல் விதை பயிரிட்டுத் திவாலான டவுன்லி என்ற உழவர், போர்டு காரில் பண்ணை பண்ணையாகப் போய் ஆள் சேர்த்து ஓர் அமைப்பு கண்டார். ‘கட்சி சாராக் கழகம்’ என்று பெயர். மினியாபொலிஸ் தானிய வணிகர்கள் எங்கள் கோதுமையை மட்டரகம் என்று முத்திரை குத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள், அதையே உயர்ந்த மாவாக விற்கிறார்கள் என்பது உழவர்களின் குற்றச்சாட்டு. அந்த மட்டரகக் கோதுமையிலும் நல்ல மாவு வருகிறது என்று மாநில விவசாயக் கல்லூரியின் லாட் அரைத்தே காட்டினார். 1916 தேர்தலில் கழகம் வென்றது, பிரேசியர் கவர்னரானார். 1919-ல் மாநிலமே சொந்தமாக ஒரு பாங்கு தொடங்கிற்று. மாவு ஆலையும் தானியக் களஞ்சியமும் கட்டத் தீர்மானித்தது.

பணக்காரர்கள் விடுவார்களா? 1921-ல் மறு வாக்கெடுப்பு நடத்திப் பிரேசியரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்தார்கள். அமெரிக்காவில் அப்படி இறக்கப்பட்ட முதல் கவர்னர் அவர்தான். அதே நாளில் பாங்கை ஒழிக்கலாமா என்றும் மக்களைக் கேட்டார்கள். ஆளை வேண்டாம் என்ற அதே மக்கள், பாங்கு இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே ஆளையும் செனட் சபைக்கு அனுப்பிவைத்தார்கள்.

1922-ல் கிராண்ட் போர்க்ஸ் நகரில் ஆலை ஓடத் தொடங்கிற்று. அது இன்றும் வட டகோட்டா மக்களின் சொத்து. இன்றும் கோதுமை அரைக்கிறது. பிஸ்மார்க் நகரிலே அந்தப் பாங்கும் திறந்துதான் இருக்கிறது.